‘ஆ’ அடித்தால் ‘ஸ’

தருமபுரத்தில் அன்னபூரணியை வாய்க்காரி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு விவரம் பற்றாது. அவள் கைகாரி. வாயைத் திறந்து ஒரு பேச்சுப் பேசுவதற்குள் கம்ப்யூட்டரில் அதை அடித்து, பிழை திருத்தி, கீழே கோடும் போட்டிருப்பாள். காரைக்கால் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்கு அதுதான் வேலை. கேள்வித்தாள், சுற்றறிக்கை, ஆண்டு விழா அழைப்பிதழ் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். திரையைப் பார்த்தபடியே அடிப்பாள், கீபோர்டைக் குனிந்து பார்க்கும் வழக்கம் கிடையாது. பார்த்து அடிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே ஆபீஸில் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு.

லினக்ஸுக்கு அவள் போனதும் யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல. ஒரு வருஷம் பொதுத்தேர்வு நேரத்தில் வைரஸ் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துவிட்டது. அடித்து வைத்த கேள்வித்தாள் அத்தனையும் போச்சு. அன்னபூரணி இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் இணையத்தில் தேடிப் படித்து, அந்தப் பழைய பெட்டிகளில் தானே லினக்ஸை ஏற்றினாள். “ஓசியில கெடைக்கிறதெல்லாம் ஒழுங்கா ஓடுமாம்மா?” என்று தாளாளர் கேட்டார். “ஓசிங்கிறதுக்காக இல்லீங்க சார். இதுல மூடிய தொறந்து உள்ள பாக்க விடுறான். ரிப்பேர்னா நாமளே பாத்துக்கலாம்” என்றாள். அதற்கப்புறம் ரிப்பேர் வந்தது, அவளே பார்த்துக்கொண்டாள். எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் எதையும் தட்டக்கூடாது, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் குற்றவாளி என்பது அவள் கட்சி. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் இதே கட்சிதான்.

அவள் வீட்டுக்காரர் உத்திராபதி விவசாயி. கடைமடை நிலம், ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரு பேச்சு, வராவிட்டால் ஒன்பது பேச்சு. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகும் எழுந்து போய்ப் பக்கத்து வரிசையில் இருப்பவரிடம் கதை கேட்டுவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டார்கள், மூளைக்காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. இரண்டு காதும் அடியோடு போய்விட்டது. நரம்பே போய்விட்டதால் இவருக்குக் காதில் மாட்டுகிற மெஷின் எதுவும் பயன்படாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

காது போனதை உத்திராபதி தாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “சும்மா” என்ற வார்த்தை அது. நாலு பேர் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவர் “என்ன, என்ன?” என்று முகம் முகமாகப் பார்ப்பார். யாராவது ஒருவர் கையை ஆட்டி, “ஒண்ணுமில்ல, சும்மா” என்பார். வாயசைவில் வேறு எதைப் புரிந்துகொள்ள முடியாவிட்டாலும் அந்தச் “சும்மா” மட்டும் அவருக்கு நன்றாகப் புரியும். ஒரு தடவை அன்னபூரணியே அதைச் சொல்லிவிட்டாள். வரப்புத் தகராறில் பங்காளிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, சோறு வடிக்கிற அவசரத்தில், “சும்மா பேசிட்டிருக்காங்க” என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உத்திராபதி சாப்பிடவில்லை. சண்டை போடவும் இல்லை. கொல்லையில் போய் உட்கார்ந்து தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னபூரணி அடுப்பை விட்டுவிட்டு வந்து அந்த முதுகைப் பார்த்தபடி நின்றாள். இனி இந்த வீட்டில் யார் எது பேசினாலும் ஒரு வார்த்தை விடாமல் இவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினாள்.

முதலில் செல்போனில் பேச்சைக் கேட்டு எழுதுகிற செயலியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் நிதானமாகப் பேசினால் அது எழுதியது. நம் வீடுகளில் யார் நிதானமாக, ஒருவர் பேசி முடித்தபிறகு இன்னொருவர் பேசுகிறார்கள்? “நாத்து பறிக்க ஆளு வரலை” என்று பக்கத்து வயல்காரர் சொன்னால் அது “காத்து அடிக்க வாழ வரல” என்று எழுதியது. யார் சொன்னது என்பதும் தெரியவில்லை. உத்திராபதி அதைப் படித்துவிட்டு மேலும் குழம்பிப்போனார். “இதுக்கு நான் இருக்கேன்” என்றாள் அன்னபூரணி. பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அதைக் கூடத்து டிவியோடு இணைத்து, எழுத்தைப் பெரிதாக்கினாள். யார் பேசினாலும் பெயரை முதலில் போட்டு, சொன்னதை அப்படியே அடித்தாள். அடித்தது டிவியில் ஓடியது. உத்திராபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஊர்ப்பேச்சைப் பழையபடி படிக்க ஆரம்பித்தார். நடுவில் குறுக்கே புகுந்து தன் கருத்தையும் சொன்னார். குரல்தான் அவருக்கு எத்தனை சத்தம் என்று தெரியாததால் கொஞ்சம் கூடுதல்.

அந்த வீட்டுக்குப் போவதென்றால் உறவுக்காரர்களுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. “அங்க பாத்துப் பேசணும், எல்லாம் டிவியில வந்துரும்” என்பார்கள். “குழம்புல உப்பு கம்மி” என்று பக்கத்தில் இருப்பவள் காதில் ஓதினாலும் டிவியில் வரும். அன்னபூரணி யாருக்கும் தாட்சண்யம் பார்க்கமாட்டாள். “கேக்குற காது எதையாவது வடிகட்டுதா? எதுக்கு நான் வடிகட்டணும்?” என்பாள்.

மகள் பிரதீபாவுக்கு வரன் கூடி வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கலைவாணன், திருமலைராயன்பட்டினம். பையனைப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது, பையனுக்கும் அப்படியே. அவனுக்கு அப்பா இல்லை, எல்லாம் பெரியப்பா நீலமேகம்தான். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டுக் கூடத்திலேயே நிச்சயத்தை வைத்துக்கொள்வதாக முடிவானது. சபையில் பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார்கள். அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னபிறகுதான் தாம்பூலத் தட்டு கை மாறும்.

உத்திராபதியின் தம்பி செந்தில்குமார் நிச்சயத்துக்கு முந்தின வாரம் வந்தான். நல்லவன்தான். நல்லவர்கள் சொல்கிற சில யோசனைகள்தான் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும்.

“அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சிக்காதீங்க. சபையில அண்ணனுக்குப் பதிலா நான் உக்காந்துக்கிறேன். அவரு பாட்டுக்குப் பக்கத்துல இருக்கட்டும். அவங்க ஒண்ணு கேக்க, இவரு ஒண்ணு சொல்ல, நாலு பேரு சிரிச்சா நல்லாவா இருக்கும்?”

அன்னபூரணி அதை அப்படியே அடித்தாள். டிவியில் படித்த உத்திராபதி தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

“போன மாசம் சித்தப்பா வீட்டு விசேஷத்துல என்னயச் சபையில உக்கார வச்சீங்கல்ல. பக்கத்துல இருந்தவன் விலாவுல இடிச்சான், நான் தலைய ஆட்டுனேன். எதுக்கு ஆட்டுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்றார். “எம்பொண்ணு நிச்சயத்துல அப்புடி ஆட்டமாட்டேன். என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் பதில் சொல்லுவேன். அது முடியாதுன்னா நீயே உக்காரு. நான் கொல்லையில இருக்கேன்.”

“ஏன் முடியாது?” என்றாள் அன்னபூரணி. “நான் அடிக்கிறேன். நீங்க படிச்சிட்டுப் பதில் சொல்லுங்க. செந்திலு, நீ வந்தவங்களுக்குக் காப்பி குடு, போதும்.”

செந்தில்குமார் விடவில்லை. “மெஷினு, அண்ணி. அந்த நேரம் பாத்து மக்கர் பண்ணுச்சுன்னா?”

“மக்கர் பண்ணா நீ உக்காரு” என்று சொல்லிவிட்டாள். அப்புறம்தான் யோசித்தாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

நிச்சயத்தன்று காலையில் எழுந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து அடித்துப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. மனநிறைவோடு மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வீடு முழுக்கக் காரியம் நடந்துகொண்டிருந்தது. உத்திராபதி குளித்து, வேட்டி கட்டி, வாசல் நிலைக்கும் சாமி படங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு போனார். பிரதீபா பட்டுப்புடவை கட்டி முடித்தபோது நீலமேகம் வீட்டிலிருந்து வேன் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

“எங்க அண்ணி, ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க பாப்போம்” என்று செந்தில்குமார் கூடத்தில் வந்து நின்றான். “வேன் கிளம்பியாச்சா?”

அன்னபூரணி லேப்டாப்பின் எதிரில் உட்கார்ந்து, ‘ஆமா’ என்று அடித்தாள். டிவியில் வந்தது இதுதான்:

ஸ"ஸ

மறுபடி அடித்தாள். மறுபடியும் ஸ"ஸ. ‘மாப்பிள்ளை வீட்டார்’ என்று அடித்தாள். மேற்கோள் குறியும் ஸவும் ஹவும் ஷவுமாகக் கொட்டியது, நடுநடுவே பல எழுத்து வரவேயில்லை. நல்ல தமிழ் வார்த்தை ஒன்று விடாமல் வடமொழி எழுத்தாக மாறி ஓடியது. நாற்காலியில் இருந்த உத்திராபதி டிவியைப் பார்த்துவிட்டு, “என்னா, மாப்ள வீட்ல பாம்பு கீம்பு வந்துருச்சா? ஸ் ஸ்ஸுங்கிறானுவோ?” என்று வீடே அதிரக் கேட்டார்.

செந்தில்குமார் சிரிக்கவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்ததும் அன்னபூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைப் போட்டுக்கொள்கிறான், சபையில் உட்காரத் தயாராகிறான்!

“எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள்.

படபடப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் கட்சி மாறவில்லை. முதலில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தாள். எல்லாம் பெரிய எழுத்தாக வந்தது. அப்படியென்றால் தமிழ் எழுத்துமுறையில் கோளாறு இல்லை, அதைக் கழித்தாயிற்று. கேப்ஸ் லாக்கா என்றால் அதன் விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. எந்த எழுத்தைத் தட்டினாலும் பதிலே இல்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் மெதுவாக ஒன்று வந்தது. “செத்தே போச்சும்மா” என்றாள் பிரதீபா.

“சாவல. இது எனக்குத் தெரிஞ்ச வேஷம்” என்றாள் அன்னபூரணி. கை நடுங்குபவர்களுக்காக லினக்ஸில் ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் விரல் தவறிப் பட்டதையெல்லாம் விட்டுவிட்டு, நின்று அழுத்தியதை மட்டும்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ஷிஃப்ட் பட்டனைச் சற்று நேரம் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் அந்த வசதி தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்தாள். எழுத்து உடனே வந்தது, அதே ஸவும் ஹவும்தான். கொஞ்ச நேரத்தில் அந்த மெத்தனமும் திரும்ப வந்தது.

அன்னபூரணி நாற்காலியில் சாய்ந்தாள். இரண்டு கோளாறு மாதிரித் தெரிகிறது, ஆனால் இரண்டும் ஒரே ஆள்மீதுதான் கையைக் காட்டுகின்றன. அவள் தமிழ் அடிக்கிற முறையில் ஆ இருக்கிற பட்டனை ஷிஃப்ட்டோடு அடித்தால்தான் ஸ. ஈ இருக்கிற பட்டனுக்கு ஷ. ம இருக்கிற பட்டனுக்கு மேற்கோள் குறி. யாரோ ஷிஃப்ட்டை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் அமுக்கவில்லை. அப்படியென்றால்?

கீபோர்டின் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். எந்தப் பட்டன் அமுங்குகிறதோ அது படத்தில் நிறம் மாறும். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தில் இடதுபக்க ஷிஃப்ட் மட்டும் நிறம் மாறி நின்றது.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அன்னபூரணி குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். இடது ஷிஃப்ட் மற்றப் பட்டன்களைவிடப் பள்ளமாக உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் வட்டமாகச் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். நாலு மூலைக்கும் நாலு பொட்டு, பார்த்துப் பார்த்து வைத்திருந்தது. மற்ற மூன்றும் பட்டன் இல்லாத ஓரமாகப் போய்விட்டன. இது மட்டும் பட்டனிலேயே விழுந்து, வழிந்து, இடுக்கில் இறங்கி, காய்ந்து இறுகிவிட்டது. ஈரமாக இருந்தவரைக்கும் ஒன்றுமில்லை, காய்ந்தபிறகு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம். விறுட்டென்று திரும்பி, “ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு!” என்று கத்தினாள். உத்திராபதி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டுமென்றாலும் அடித்துத்தான் ஆக வேண்டும். கோபத்தோடு அடித்தாள். மேற்கோள் குறியும் ஸவும் வந்தன.

“வேன் தெரு முனைக்கு வந்துட்டுது அண்ணி” என்றான் செந்தில்குமார் வாசலிலிருந்து.

பட்டனைக் கழற்றித் துடைக்க நேரமில்லை. அவசரத்தில் நெம்பினால் அடியில் இருக்கிற கொக்கி ஒடிந்தாலும் ஒடிந்துவிடும். வேறு கீபோர்டு ஆபீஸில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் பூட்டு. அன்னபூரணி யோசித்தாள். பட்டன் அமுங்கியே கிடக்கட்டும். அது அமுங்குவதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதாதா? ஷிஃப்ட் வேண்டுமென்றால் வலது பக்கம் இன்னொன்று சும்மாதானே கிடக்கிறது!

“பிரதீபா, ஒன் கொண்டை ஊசியக் கழட்டு. இந்தப் பட்டனுக்கு அடியில குடுத்து லேசாத் தூக்கிப் பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாத.”

கல்யாணப்பெண் தலையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டு பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டு, மூச்சை அடக்கி, ஷிஃப்ட் பட்டனைத் தூக்கிப் பிடித்தாள். அன்னபூரணி அந்த மெத்தனத்தை மறுபடி அணைத்தாள், எழுத்து ஒழுங்காக விழுந்தது. அந்த இடைவெளியில் அன்னபூரணி ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தாள். இடது ஷிஃப்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று லினக்ஸுக்கு அறிவித்துவிட்டாள். வேறு இயங்குதளத்தில் இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. இதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறது.

“விடு” என்றாள். பிரதீபா ஊசியை எடுத்தாள். பட்டன் மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்தது. அன்னபூரணி அடித்தாள். டிவியில் அழகாகத் தமிழ் ஓடியது:

கீபோர்டுக்கு யாருங்க சந்தனம் வச்சது?

உத்திராபதி படித்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சம்கூட இல்லை.

“நாந்தான் வச்சேன். நெலைக்கு வச்சேன், சாமிக்கு வச்சேன். இது என் காதுல்ல பூரணி? காதுக்கு வைக்காம சபையில எப்புடி உக்காருறது?”

இந்தப் பதிலுக்கு மேல் ஒரு மனுஷி என்ன திட்டுவது? அந்த ஆள்மேல் அவளுக்கு அத்தனை ஆசை பொங்கியது, இத்தனை வயதுக்கு அப்புறம். வாசலில் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். செந்தில்குமார் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காப்பித் தட்டைத் தேடிப் போனான்.

சபை கூடியது. உத்திராபதி நடுவில், எதிர்வரிசையில் நீலமேகம், டிவிக்குப் பக்கத்தில் சின்ன மேஜை போட்டு அன்னபூரணி. மாப்பிள்ளை வீட்டார் முதலில் டிவியை விநோதமாகப் பார்த்தார்கள். தாங்கள் பேசியது அடுத்த நொடியே எழுத்தாக ஓடுவதைக் கண்டதும் சின்னப் பிள்ளைகளாகி, வேண்டுமென்றே எதையாவது சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். உத்திராபதியும் சேர்ந்து சிரித்தார், அதுவும் சிரிக்க வேண்டிய இடத்தில். மழை பேசினார்கள், அறுப்பு பேசினார்கள், மண்டபம் பேசினார்கள். அன்னபூரணியின் வலது சுண்டுவிரல் பழக்கமில்லாத வேலையைத் தடுமாறாமல் செய்தது. ஜாதகம் என்று யாரோ சொன்னார்கள், ஜவும் சரியாக வந்தது.

அப்போதுதான் நீலமேகம் அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுஷர் அல்ல. அப்பா இல்லாத பிள்ளைக்குப் பொறுப்பு ஏற்றவர், மனதில் இருப்பதைக் கேட்காமல் போக முடியாதவர்.

“ஒரு விஷயம்மா. இத அங்க போட்டுடாதீங்க, அவரு மனசு சங்கடப்படுவாரு. அவருக்கு இந்தக் காது கேக்காதது பரம்பரையா வர்றதா? நாளைக்கு எங்க புள்ளைக்கு ஒரு கொழந்த பொறந்தா அதுக்கும் வருமா? வீட்ல பொம்பளைங்க கேக்குறாங்க, அதான்.”

தாழ்த்தியும் அது கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. உள் அறைக் கதவருகே நின்ற பிரதீபாவின் முகம் வெளுத்தது. காப்பித் தட்டோடு வந்த செந்தில்குமார் குனிந்து, “அண்ணி, கீ ஒட்டிக்கிட்டுதுன்னு சொல்லிடுங்க. அடிக்காதீங்க” என்று முணுமுணுத்தான்.

அன்னபூரணியின் கை அந்தரத்தில் நின்றது. காலையில் அவள் உயிரை வாங்கிய பட்டன் இப்போது பெரிய உபகாரமாகக் கைக்கடியில் கிடந்தது. ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சாட்சி. பதிலை அவளே சொல்லிவிடலாம். அவர் காதுக்குப் போகாமலே முடிந்துவிடும். மகள் வாழ்க்கை. எல்லோர் முன்னாலும் இதைப் படித்துவிட்டு அவர் கோபித்து எழுந்துவிட்டால்? உத்திராபதி டிவியைப் பார்த்தார். புது வரி வரவில்லை. நீலமேகத்தின் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். “என்ன?” என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்தவர் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அடித்தாள். ஒரு வார்த்தை விடாமல் அடித்தாள். ‘நீலமேகம்: ஒரு விஷயம்மா. இத அங்க போட்டுடாதீங்க’ என்பதிலிருந்து ஆரம்பித்து ‘பொம்பளைங்க கேக்குறாங்க, அதான்’ வரைக்கும். செந்தில்குமார் சொன்னதையும் அவன் பெயர் போட்டு அடித்தாள். அத்தனையும் டிவியில் பெரிய எழுத்தில் ஏறி நின்றது. நீலமேகம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். செந்தில்குமார் தட்டோடு சுவரில் சாய்ந்தான்.

உத்திராபதி மெதுவாகப் படித்தார். மேலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு எதிரில் இருந்தவரைப் பார்த்துப் பேசினார், அவருடைய வழக்கமான சத்தத்தில்.

“பரம்பரை இல்லீங்க சம்பந்தி. காய்ச்சல்ல போனது. எங்கப்பா சாவுற அன்னைக்கும் பக்கத்துத் தெருவுல பேசுறதக் கேட்டுச் சொன்னாரு. டாக்டர வேணாலும் கேட்டுக்குங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.” தம்பியையும் ஒரு பார்வை பார்த்தார். “ஆனா ஒண்ணு. நாலு வருஷமா என்னயப் பத்தின பேச்செல்லாம் என் முதுகுக்குப் பின்னாடிதான் நடக்குது. என் எதிர்க்க வந்து விழுந்த மொதக் கேள்வி இதுதான். இப்புடிக் கேக்குற வீட்ல தைரியமாப் பொண்ணு குடுக்கலாம்.”

நீலமேகத்தின் கண் கலங்கியிருந்தது. அவர் எழுந்தார். தன் நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு போய், உத்திராபதிக்கு நேர் எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். அதுவரைக்கும் அன்னபூரணியைப் பார்த்துத்தான் எல்லாக் கேள்வியும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கே உறைத்தது.

“தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி” என்றார் அவர் முகத்தைப் பார்த்து. “இனிமே எதுன்னாலும் ஒங்களத்தான் கேப்பேன். எங்க புள்ளைக்கு ஒங்க பொண்ணக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?”

அன்னபூரணி அதை அடித்தாள். உத்திராபதி படித்தார். கதவருகே நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நீலமேகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சம்மதம்” என்றார்.

அன்னபூரணி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.